இன்னும் ஒரு வண்டி குறையட்டும்

ஆஸ்பத்திரிக் குளியலறையில் நின்றுகொண்டு, கார் பெயின்ட்டர் பாலிஷ், தின்னர் நனைத்த பஞ்சால் தன் நகங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஒன்பது விரல்கள் சுத்தமாகிவிட்டன. இடதுகைச் சுண்டுவிரலில் மட்டும் பச்சைப் பெயின்ட் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. அவன் மனைவி வெளியே கதவைத் தட்டினாள்.

"என்னங்க, அப்பா உங்களைத்தான் கேக்குறாரு. வாங்க."

"போட்டோ காட்டினியா?"

"காட்டிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. போனைக் கையில வாங்கி ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தாரு. அப்புறம் உங்களைக் கூப்பிடச் சொன்னாரு."

பாலிஷ் சுண்டுவிரலை இன்னும் அழுத்தித் தேய்த்தான். ஒர்க் ஷாப்பில் ஏழு பேரை மேய்க்கிற ஆள். நசுங்கி அப்பளமாக வந்த வண்டியைக்கூட மணப்பெண் மாதிரி அலங்கரித்து அனுப்புகிறவன் என்று பெயரெடுத்தவன். பாலிஷ் என்ற பட்டமும் அப்படி வந்ததுதான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். ஆனால் மாமனார் முன்னால் போய் நிற்கும்போது மட்டும் பதினாறு வருஷமாக அவனுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரிந்ததில்லை.

அதற்குக் காரணம் அந்த வண்டிதான். மாமனார் தபால் பிரிக்கும் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாலிபத்தில் பழைய இரும்புக் கடையிலிருந்து அடிமாட்டு விலைக்கு ஒரு இரண்டு கதவுக் காரை வாங்கி, வாடகை வீட்டின் ஷெட்டில் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை இஞ்சினைக் கிளப்பிப் பத்து நிமிஷம் ஓடவிட்டு அணைப்பார். உலர்ந்த துணியால் துடைப்பார். பெற்ற மகளைக்கூட அதில் உட்காரவிட்டதில்லை. பச்சை என்று சொன்னால்தான் பச்சை. அங்கங்கே உதிர்ந்து, வெளுத்து, கதவோரம் இரும்பு எட்டிப் பார்த்தது. மருமகன் கார் பெயின்ட்டர், மாமனார் காருக்குச் சொறி என்று கல்யாணத்தன்றே யாரோ ஒரு சித்தப்பா சொல்லி, பந்தியே சிரித்தது.

"ஒரே வாரம் குடுங்க மாமா" என்று அவன் கேட்காத வருஷம் கிடையாது. "தொடாதீங்க மாப்பிள்ளை" என்பதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை சொன்னதும் கிடையாது. தன் கையை நம்பவில்லை என்றுதான் பாலிஷ் எடுத்துக்கொண்டான். இருபத்திரண்டு நாளுக்கு முன் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்ததும், மாமியாரிடம் சாவியை வாங்கி, ஒர்க் ஷாப்புக்கு லீவு போட்டுவிட்டு, தன்னந்தனியாக வேலையை ஆரம்பித்தான். அவர் வீடு திரும்பும்போது ஷெட்டில் அது புத்தம்புதுசாக நிற்க வேண்டும். ஒரே ஒரு தடவை அவர் வாயால் நல்ல வார்த்தை கேட்டுவிட வேண்டும். அவனுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

வீடு திரும்ப மாட்டார் என்று டாக்டர்கள் நேற்றுச் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் போட்டோ.

மாமனாரைத் தலையணை முட்டுக்கொடுத்துச் சாய்வாக உட்கார வைத்திருந்தார்கள். மூக்கில் குழாய். அவர் நாற்காலியைக் கண்ணால் காட்டினார்.

"உக்காருங்க மாப்பிள்ளை."

உட்கார்ந்தான்.

"பழைய பெயின்ட் மேலயே அடிச்சீங்களா?"

"ஐயோ, இல்ல மாமா. அப்படி அடிச்சா ரெண்டே வருஷத்துல உரிஞ்சிடும். சுத்தமாச் சுரண்டிட்டு, இரும்பு தெரிஞ்சப்புறம்தான் பிரைமர் போட்டேன்."

"முழுசாவா?"

"ஒரு பொட்டு விடல."

"கதவுக்கு உள்பக்கம்?"

"அங்கயும் பண்ணிட்டேன்."

"பானெட்டைத் தூக்கினா உள்ளே?"

"அதையும் விடல மாமா. மத்தவனா இருந்தா வெளிய மட்டும் மினுக்கிட்டு உள்ள அப்படியே விட்டுடுவான். நான் ஸ்டெப்னி வைக்கிற குழி வரைக்கும் பாத்திருக்கேன்."

மாமனார் கண்களை மூடிக்கொண்டார். மூச்சு வாங்கியது. மூடிய கண்ணோடே கேட்டார்.

"சீட்டுக்கு அடியில?"

"கலர் பொருத்திப் பாக்க அங்க உள்ளங்கை அகலத்துக்குப் பழைய பெயின்ட்டை விட்டு வச்சிருந்தேன் மாமா. மூணு நாள் ஆச்சு அந்தப் பச்சையைப் பிடிக்க. நேத்து வேலை முடிஞ்சதும் அதையும் எடுத்துட்டு அடிச்சிட்டேன்."

பாட்டிலிலிருந்து மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. பாலிஷ் அதை எண்ண ஆரம்பித்தான். நாற்பதைத் தாண்டியபோது மாமனார் கண்ணைத் திறந்தார்.

"நல்ல வேலை மாப்பிள்ளை. குறை சொல்ல ஒண்ணும் இல்ல."

அழுதுவிடுவோமோ என்று பயந்து பாலிஷ் சன்னலைப் பார்த்தான்.

"ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க. யாராவது வந்து கேட்டா, நான்தான் அடிக்கச் சொன்னேன்னு சொல்லிடுங்க."

"எதுக்கு மாமா? நான் ஆசையா..."

"சொல்லிடுங்க. அவ்வளவுதான். உங்க அத்தையை வரச் சொல்லுங்க. நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருங்க."

பெருமையில் மனிதர் பங்கு கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டான் பாலிஷ். கேட்கட்டுமே. பதினாறு வருஷம் காத்திருந்தவனுக்குப் பாதிப் பங்கே ஏராளம்.

மாமியார் உள்ளே போய் இருபது நிமிஷம் ஆயிற்று. நடையில் உட்கார்ந்து மனைவி மெதுவாகச் சொன்னாள்.

"வீட்டுக்காரர் நேத்தும் போன் பண்ணாரு. இடிச்சுட்டு மாடி வச்சுக் கட்டப் போறாராம். ரெண்டு மாசத்துல காலி பண்ணணுமாம்."

"அத்தை நம்ம வீட்டுக்கு வந்துட வேண்டியதுதானே."

"அம்மாவா? மாப்பிள்ளை வீட்ல போய்ப் பாரமா உக்கார மாட்டேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கு. அப்பா தனக்குன்னு ஒரு வீடு வாங்கித் தருவாருன்னு சொல்லிட்டே இருக்கும். அவரும் 'அதுக்கு வழி வச்சிருக்கேன்'பாரு. என்ன வழின்னு வாயைத் திறந்தாத்தானே?"

கதவு திறந்தது. மாமியார் எப்போதும் போலத்தான் இருந்தார். மருமகனை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "அவருக்கு ஸ்ட்ரா வேணுமாம், வாங்கிட்டு வர்றீங்களா?" என்றார்.

ஸ்ட்ராவை வாங்கிக்கொண்டு அவன் திரும்பி வந்தபோது மூன்று ஐம்பது. கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்திருந்தார்கள். மனைவி சுவரோடு ஒட்டி நின்றாள். ஸ்ட்ராவை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பையில் செருகிக்கொண்டான்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் தண்ணீருக்குள் இருந்து கேட்கிற மாதிரி அவனுக்குக் கேட்டது. எங்கே கையெழுத்துப் போடச் சொன்னார்களோ அங்கே போட்டான். யாருக்குப் போன் பண்ணச் சொன்னார்களோ அவர்களுக்குப் பண்ணினான். அழுகை வரும் என்று எதிர்பார்த்தான், வரவில்லை. வராதது பற்றிக் கவலையும் வரவில்லை.

மறுநாள் மதியம் எல்லாம் முடிந்து மாமனார் வீட்டுக்குத் திரும்பினார்கள். ஷெட்டுக்குள்ளிருந்து நாற்காலிகளை எடுத்துப் போட்டதில் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே பச்சைக் கார் மினுமினுத்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் மாமியாரிடம் இரண்டு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு, ஒவ்வொருவராக அங்கே நழுவினார்கள்.

"அடேயப்பா, முகமே தெரியுதே!" என்று அந்தப் பழைய சித்தப்பா கதவில் தலைசீவிக்கொண்டார். "கொடுத்து வைக்கலியே மனுஷனுக்கு, ஒரு ரவுண்டு போக."

பாலிஷ் தலையை ஆட்டினான். இதே வார்த்தைக்கு நேற்றுவரை ஏங்கியவன்தான். இப்போது அது யாருக்கோ சொன்னது போலிருந்தது.

நாலு மணிக்குக் கூட்டம் கரைந்துவிட்டது. அப்போதுதான் ஒருவர் வந்தார். மெலிந்த உருவம், நரைத்த தலை, இஸ்திரி கலையாத சட்டை. கண் டாக்டர் என்றும், ஒன்பது வருஷமாக மாமனாரோடு கடிதப் பழக்கம் என்றும் சொல்லிக்கொண்டார். மாமியாரிடம் முறைப்படி துக்கம் விசாரித்தார். நல்ல மனிதர் என்றார், பொறுமைசாலி என்றார். மாமியார் டீ போட உள்ளே போனதும், மருமகன் பக்கம் திரும்பினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. வண்டியை ஒரு தடவை பாத்துட்டுப் போகலாமா?"

பாலிஷ் ஷெட்டுக்கு அழைத்துப் போனான். வாசலிலேயே டாக்டர் நின்றுவிட்டார். சட்டைப் பையிலிருந்து சின்ன லென்ஸ் ஒன்றை எடுத்தவர், அதைக் கண்ணில் வைக்காமலே கையில் பிடித்தபடி நின்றார். பிறகு உள்ளே போய்க் கதவைத் திறந்து பார்த்தார். பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்தார்.

மாமனார் கேட்ட அதே வரிசை.

"எப்ப அடிச்சது?"

"முந்தாநாள் முடிஞ்சுது."

டாக்டர் பானெட்டை மெல்ல மூடினார். "உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. இந்த மாடல்ல மொத்தமே நாப்பது வண்டிதான் பண்ணாங்க. கம்பெனியை மூடிட்டாங்க. அப்ப ஒருத்தரும் சீண்டல, எடைக்குத்தான் போட்டாங்க. அப்படிப் போடப் போட, மிச்சம் இருந்ததுக்கு விலை ஏற ஆரம்பிச்சுது. இப்ப உலகத்துல ஏழு இருக்கு. அதுல அஞ்சு, மறுபடி பெயின்ட் அடிச்சது. பேக்டரியில அடிச்ச பெயின்ட்டோட இருந்தது ரெண்டே ரெண்டு. ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு..." கையால் வண்டியைக் காட்டினார்.

"அந்தப் பெயின்ட் உதிர்ந்து கிடந்துச்சே சார்."

"உதிர்ந்தாலும் அதுதான் சார் அது. நான் மூணு தடவை விலைக்குக் கேட்டேன். 'இன்னும் ஒரு வண்டி குறையட்டும் டாக்டர்'னு எழுதுவாரு. ஒண்ணு குறைஞ்சா இதோட விலை எங்கயோ போயிடும்னு அவருக்குத் தெரியும். போன மாசம்தான் சம்மதிச்சு எழுதினாரு. வீட்டம்மாவுக்கு ஒரு வீடு பாத்து வச்சிருக்கேன், வந்து வண்டியை எடுத்துக்கோங்கன்னு."

பாலிஷ் காரைப் பார்த்தான். அவன் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான். சந்தேகமே இல்லை. எங்கேயும் பெயின்ட் வழிந்து திரண்ட இடம் இல்லை, ஒரு கோடு இல்லை.

"இப்ப எவ்வளவு போகும்?" என்று கேட்டான்.

"முந்தி இருந்த வண்டிக்கு ஒரு வீடு வாங்கலாம். இப்ப அந்த வீட்டுக்குக் கதவு ஜன்னல் வாங்கலாம்." சொன்ன பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். லென்ஸைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "அவ்வளவு விஷயம் தெரிஞ்ச மனுஷன் இதை எப்படி விட்டாரு? யாரு அடிக்கச் சொன்னது?"

'நான்தான் அடிக்கச் சொன்னேன்னு சொல்லிடுங்க.' அது ஏன் என்று இப்போதுதான் பாலிஷுக்கு விளங்கியது. எல்லாம் தெரிந்தேதான் நல்ல வேலை என்று சொல்லியிருக்கிறார். மரியாதையாக நினைவு வைத்திருக்கிற ஒரே ஆளான இந்த டாக்டரிடம் தன்னை முட்டாளாக்கிக்கொள்ளவும் துணிந்திருக்கிறார். அந்தப் பொய்யை எடுத்து உபயோகிக்க அவனுக்கு வாய் வரவில்லை.

"நான்..." என்று ஆரம்பித்தான்.

"அவருதான் சொன்னாரு."

மாமியார் டீ டம்ளரோடு ஷெட் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"அவரா?" என்றார் டாக்டர்.

"ஆமா. சாகறதுக்குள்ள ஒரு தடவை புதுசாப் பாத்துடணும்னு பிடிவாதம். மாப்பிள்ளை வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னாரு. டீ ஆறிடப் போகுது."

டாக்டர் நம்பாமல் டம்ளரை வாங்கிக்கொண்டார். பாதி குடித்தார். "வயசானா மனசு அப்படித்தான் போகுது" என்று காருக்குச் சொல்வது போலச் சொன்னார். கெட்டவர் இல்லை, முகத்தில் வருத்தம் உண்மையாகவே இருந்தது. ஆனால் கை போனைத் தேடிக்கொண்டிருந்தது. தெருவில் இறங்கிப் பத்தடி போவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார். "ஆமா, ஒண்ணுதான்... இல்லப்பா, பேக்டரி பெயின்ட்டோட இப்ப நம்மளது ஒண்ணே ஒண்ணுதான்" என்பது ஷெட் வரைக்கும் கேட்டது.

மாமியார் டாக்டர் தந்துவிட்டுப் போன டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றார். காரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அத்தை, மாமா சொல்லல. நானாத்தான்..."

"தெரியும்."

"உங்ககிட்ட நேத்தே..."

"எல்லாம் சொன்னாரு. நீங்க போய் மொதல்ல ஏதாச்சும் சாப்பிடுங்க. காலைலேருந்து பச்சத் தண்ணிகூடக் குடிக்கல."

அவன் அசையவில்லை. அவரும் போகவில்லை. டம்ளரின் விளிம்பைப் புடவைத் தலைப்பால் துடைத்தபடி கேட்டார்.

"உங்க வீட்டு மாடி ரூம்ல காலை வெயில் வருமா மாப்பிள்ளை?"

"வரும் அத்தை."

"ரொம்ப வருமா?"

"ஒரு ஸ்கிரீன் போட்டுடலாம்."

"போட்டா போதும்" என்று சொல்லிவிட்டு, டம்ளரைக் கழுவக் குழாயடிக்குப் போனார்.