பதினேழாம் நம்பர் ரூமின் டைரக்டர்

2021 மார்ச்சில் ஒரு விடுமுறை நாள் காலை பத்தேகாலுக்கு, துபாய் ஜெபல் அலியில் ஒரு கட்டுமானக் கம்பெனியின் தொழிலாளர் கேம்பில், பதினேழாம் நம்பர் ரூமுக்குக் கருப்பாயி வந்து சேர்ந்தாள். விசா இல்லை, டிக்கெட் இல்லை, கையில் சோற்றுக் கரண்டி மட்டும் இருந்தது. கொத்தனார் வேலுச்சாமி உட்கார்ந்திருந்த இரும்புக் கட்டிலில், அவர் பக்கத்தில், கட்டிய மனைவிக்கு உரிய உரிமையோடு உட்கார்ந்தாள். நான்கு நிமிடம் இருந்தாள். பிறகு புதுக்கோட்டைப் பக்கத்தில் தன் அடுப்படிக்கே போய்விட்டாள். சோறு லேசாக அடிப்பிடித்திருந்தது. வேறு சேதம் இல்லை.

இதைச் செய்தவன் அதே ரூமில் மேல்கட்டிலில் படுக்கும் வீரபாண்டி. சிவகங்கைக்காரன், சாரம் கட்டுகிற வேலை, காதல் படமென்றால் உயிரை விடுவான். ஷார்ஜா ரோலா கடைத்தெருவில் ஒருத்தன் புது போன் என்று சத்தியம் செய்து அவன் தலையில் ஒன்றைக் கட்டியிருந்தான். அதில் மைக் செத்துப்போயிருந்தது, கேமராவில் எல்லாமே சாம்பல் நிறமாகத்தான் விழுந்தது. விற்றவன் நாசமாய்ப் போக. அந்த போனை வைத்துக்கொண்டு, "அண்ணே, பக்கத்துல அக்கா இருக்குன்னு நெனச்சுக்கிட்டுச் சிரிங்க" என்று வேலுச்சாமியிடம் சொல்லி, "ஆக்‌ஷன்" என்றான். அக்கா வந்தேவிட்டாள். தலை முதல் கால்வரை சாம்பல் நிறம். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பயந்துபோய் அவன் "கட்" என்று கத்தியதும் ஆள் இல்லை. வேலுச்சாமியின் உள்ளங்கையில் ஒரு பருக்கைச் சோறு ஒட்டியிருந்தது. அவர் அதைத் தின்றுவிட்டு அழுதார்.

அடுத்த மூன்று வருடத்தில் வீரபாண்டி இருநூற்றுப் பன்னிரண்டு காதல் படங்கள் எடுத்தான். எல்லாவற்றுக்கும் ஒரே கதை: ஒருத்தன் கட்டிலில் உட்கார்ந்திருப்பான், அவன் மனைவி வருவாள். குரல் கேட்காததால் அவர்கள் பேசுவதை அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் மார்க்கரால் எழுதி இடையில் காட்டுவான். "ஏன் இப்படி எளச்சுப் போயிட்டீங்க?" என்ற அட்டையை மட்டும் ஒரே தடவைதான் எழுதினான். எல்லாப் படத்துக்கும் அதுவே போதுமாயிருந்தது. முன்கூட்டியே சொல்லிவிட்டதால் பெண்கள் பூ வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பத்து நிமிடத்தில் கட் சொல்லியாக வேண்டும், வாசலில் அடுத்தவன் நிற்பான். ரூமுக்குப் பெண்கள் வரக்கூடாது என்பது கேம்பின் சட்டம். விசாரணை வந்தபோது வாட்ச்மேன் இர்ஷாத் ரெஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்து, "கேட் வழியா யாரும் உள்ளே வரல, கலாஸ், அவ்வளவுதான்" என்று இந்தியில் சொல்லி முடித்துவிட்டான்.

வீரபாண்டிக்கு மட்டும் அந்தப் பத்து நிமிடம் கிடைக்கவில்லை. கேமராவைப் பிடிக்கிறவன் அவன்தானே. வேறு ஆளிடம் கொடுத்துப் பார்த்தான். பிடித்தவனெல்லாம் தன் தன் மனைவியை நினைத்துக்கொண்டே பிடித்தான், ஒருவரும் வரவில்லை. சுவரைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்த வீரபாண்டிதான் படத்தில் விழுந்தான். 2018ல் பார்த்த மனைவி ஜோதிமணியை அதற்குப் பிறகு அவன் நேரில் பார்க்கவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒரு லீவு; முதலாவதைக் கொரோனா தின்றது, இரண்டாவதைப் புராஜெக்ட் தின்றது. மூன்றாவது 2024 ஜூலையில் கிடைக்கும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தான்.

ஜூனில் எச்.ஆர். மேனேஜர் பாஸ்கர் கேம்புக்கு வந்தார். சென்னைக்காரர். ஷார்ஜாவில் கடல் தெரியும் ஃபிளாட்டில் மனைவி நளினியோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருக்கிறார். வருடா வருடம் கம்பெனி டிக்கெட்டில் குடும்பத்தோடு ஒரு மாதம் ஊருக்குப் போய்வருவார். நான்கு படம் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், பொய் சொல்லக்கூடாது. மறுநாளே நோட்டீஸ் ஒட்டினார். லீவு என்பது குடும்பத்தைப் பார்ப்பதற்கு. இந்தக் கேம்பில் குடும்பத்தைப் பார்த்தாகிவிட்டது. ஆகவே ஆளுக்கு ஒரு லீவு கழிக்கப்படுகிறது, அதிகம் நடித்தவனுக்கு மூன்று படத்துக்கு ஒன்று வீதம். இதைப் படித்து வயிறு எரியாதவன் மனுஷனே இல்லை. ஒன்பது படத்தில் நடித்த வேலுச்சாமிக்கு இனி 2030 வரை லீவு கிடையாது.

வீரபாண்டி ஆபீசுக்குப் போய் நின்றான். "சார், நான் ஒரு தடவகூடப் பாக்கல சார். கேமராவுக்குப் பின்னாடி நிக்கிறவன் நான்."

"டைரக்டரே நீங்கதானேப்பா? உங்களுக்கு இல்லாத சான்ஸா? ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க. யல்லா, டூட்டிக்குப் போங்க." சொல்லிக்கொண்டே பாஸ்கர் லாக்கரைப் பூட்டினார். வீரபாண்டியின் பாஸ்போர்ட் அதற்குள்தான் இருந்தது. தொழிலாளியின் பாஸ்போர்ட்டைக் கம்பெனி வைத்திருக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. யார் கேட்கிறார்கள்?

அன்று வேலுச்சாமியின் போனை வாங்கி அவன் ஜோதிமணியிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் அழவில்லை, சண்டைக்குப் பிடித்துக்கொண்டாள்.

"ஊரான் பொண்டாட்டிய எல்லாம் கூப்பிட்டு உக்கார வச்சீங்களே, நான் ஒருத்தி இங்க கெடக்குறது தெரிஞ்சுச்சா?"

"எனக்கு எடுக்க ஆளில்லையே ஜோதி."

"ஆளில்லையா? நான் செத்தா போயிட்டேன்? அந்த எழவ எப்படி எடுக்குறதுன்னு சொல்லுங்க."

சொன்னான். மறுநாள் காலை ஆறேகாலுக்கு அவள் தம்பியின் பழைய போனை, நடுவில் அழைப்பு வந்து கெடுக்காதபடி சிம்மைக் கழற்றி, அரிசி டின்மேல் சாய்த்து வைத்தாள். காலியான பிளாஸ்டிக் சேரைப் பார்த்து "ஆக்‌ஷன்" என்றாள். அவள் குரலில் இருந்த கோபத்துக்கு யாராக இருந்தாலும் வந்திருப்பார்கள். ஜெபல் அலியில் அப்போது மணி நாலே முக்கால். டூட்டி பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்திருந்த வீரபாண்டி அடுத்த காலைத் தன் வீட்டுத் தரையில் வைத்தான். தலையில் ஹெல்மெட், இடுப்பில் பெல்ட், கையில் டிபன் கேரியர். சாம்பல் நிறமாக, சத்தமில்லாமல் சேரில் உட்கார்ந்தான்.

பத்து நிமிடம் ஆயிற்று. ஒரு மணி நேரம் ஆயிற்று. ஜோதிமணி கட் சொல்லவில்லை.

நாலாம் நாள் அவனுக்கு நிறம் வந்தது, முதலில் வேலைச் சட்டையின் ஆரஞ்சு, பிறகு முகம். ஆறாம் நாள் குரல் வந்தது. குழம்பில் உப்பு கொஞ்சம் கம்மி என்றான். ஜோதிமணி அப்போதுதான் அழுதாள், வாய்விட்டு, அக்கம்பக்கம் கூடும்படி. அன்றைக்கே கருப்பாயிக்கு போன் போட்டு முறையைச் சொல்லிக்கொடுத்தாள். கருப்பாயி மற்றவர்களுக்குச் சொன்னாள்.

அந்த மாதம் கேம்பில் ஐம்பத்துமூன்று பேர் குறைந்தார்கள். ஓடிப்போனார்கள் என்று கேஸ் கொடுக்கக் கம்பெனி துடித்தது. இர்ஷாத் மறுபடியும் ரெஜிஸ்டரைப் புரட்டினான். "கேட் வழியா யாரும் வெளியே போகல, கலாஸ்." ரெஜிஸ்டர்படி ஐம்பத்துமூன்று பேரும் உள்ளேதான் இருந்தார்கள். பாஸ்கர் ரூம் ரூமாகத் தேடினார், கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார். கடைசியில் நம்பர் வாங்கி ஜோதிமணியைக் கூப்பிட்டார்.

"அம்மா, ஒரே ஒரு வார்த்தைதாம்மா. கட்டுன்னு சொல்லிடுங்க. சைட்டே நின்னுபோச்சு."

"அவரு லீவுல இருக்காரு சார்" என்றாள் ஜோதிமணி. "ரெண்டு வருஷங் கழிச்சுக் கூப்பிடுங்க. புராஜெக்ட் எதுவும் இல்லன்னா பாக்கலாம்."

போனை வைத்துவிட்டு வந்து ரசம் ஊற்றினாள். அரிசி டின்மேல் சார்ஜரில் கிடக்கும் பழைய போன் இன்றுவரை படம் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. கரண்ட் போனால் என்ன செய்வது என்று இன்வெர்ட்டர் வாங்கிவிட்டார்கள்.