முதல் குத்து

என் வீட்டுக்காரர் கராத்தே மாஸ்டர். கராத்தே போட்டியில் ஒரு முறை உண்டு. குத்து சுத்தமாக விழுந்தால் உடனே பின்வாங்கி நிற்க வேண்டும், நடுவர் கை தூக்கிப் புள்ளி கொடுப்பார். எங்கள் வீட்டுச் சுவர் முழுக்க அப்படி வாங்கிய மெடல்கள்தான். தூசி தட்டுவது நான்.

திடீரென்று ஒருநாள் கூண்டுச் சண்டைக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்தார். குத்து, உதை, கட்டிப் புரள்வது எல்லாம் செல்லும் சண்டை அது.

"அவனுங்களுக்கு ஒரு முறையே கிடையாது. நம்ம வித்தை என்னன்னு காட்டிட்டு வரேன்."

"காட்டுங்க. அவங்களும் எதையாவது காட்டுவாங்க."

மணி அடித்ததும் முதல் குத்து இவருடையதுதான். அதை யாரும் மறுக்க முடியாது. எதிராளிக்கு முழங்கால் மடங்கியது. இன்னொன்று போட்டிருந்தால் அவன் கதை முடிந்திருக்கும். இவரோ பின்னால் நகர்ந்து, கையைத் தாழ்த்தி, நடுவர் முகத்தைப் பார்த்தார். நடுவர் ஒன்றும் புரியாமல் இவரைப் பார்த்தார். அதற்குள் அவன் நிமிர்ந்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் அவருடைய உடைந்த தாடைக்குக் கம்பி கட்டவைத்து வீட்டுக்கு அழைத்து வந்தேன். பேச முடியாததால் ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினார். முதல் புள்ளி தனக்குத்தானாம்.

"ஆமா, உங்களுக்குத்தான். ஜூஸைக் குடிங்க."

கம்பி பிரிப்பதற்குள் வகுப்புக்குக் கிளம்பிவிட்டார். நானும் கூடப் போய் வகுப்பு வாசலில் நின்று பார்த்தேன். அவர் ஒருமுறை கைதட்டினால் பிள்ளைகள் குத்தினார்கள். மறுமுறை தட்டினால் பின்வாங்கி, கையைத் தாழ்த்தி, அவர் முகத்தைப் பார்த்தார்கள். அத்தனை பேரிலும் சுத்தமாகப் பின்வாங்கியது எங்கள் மகள்தான்.