காடிஸ் பூச்சி எழுந்த பிற்பகல்

என் கணவன் வாரன் ஆர்க்கன்சா ஆற்றில் மூழ்கி இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அன்று அவனோடு மீன்பிடித்துக்கொண்டிருந்த அவன் அப்பா ஹார்லன், அதன் பிறகு தண்ணீரில் கால் வைக்கவே இல்லை. மே மாதம் காடிஸ் பூச்சிகள் ஆற்றிலிருந்து கூட்டமாக எழும்போது, அவற்றைத் தின்ன மீன்கள் மேலே வரும் என்று ஊரே தூண்டிலோடு கிளம்பும். அவர் மட்டும் திரையை இழுத்துவிட்டு வீட்டுக்குள் இருப்பார்.

ஆர்லோவைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக நான் அவரிடம் சொன்னபோது "நல்லது" என்றார். அவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆர்லோவே போய் அவர் கதவைத் தட்டினான்.

"பூச்சி எழும்பிடுச்சு. எனக்குத் தூண்டிலே வீச வரல, உங்க மருமக லெனோரா சிரிக்கிறா. நீங்க வந்தா கொஞ்சம் மானம் மிஞ்சும்."

"உனக்கு மானம் இருக்குன்னு யார் சொன்னது?" என்றார் ஹார்லன். ஆனாலும் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

கரையோரப் புதர்களெல்லாம் பழுப்புப் பூச்சி அப்பிக் கிடந்தது. காதுக்குள்ளும் சட்டைக்குள்ளும் ஊர்ந்தது. ட்ரவுட் மீன்கள் துள்ளித் துள்ளி விழுங்கின. ஹார்லன் என் பக்கத்தில் பாறைமேல் உட்கார்ந்துகொண்டார். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ஆர்லோ வீசிய தூண்டிலின் பொய்ப்பூச்சி பின்னாலிருந்த கிளையில் போய் மாட்டியது.

"மரத்துல மீன் இருக்காதுடா!" என்று கத்திச் சிரித்தார் ஹார்லன். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலம்!

ஆர்லோவும் சிரித்தபடியே கிளையை எட்டத் திரும்பினான். பாசிக் கல் வழுக்கியது. தலை உள்ளே போனது, பிறகு தொப்பி மட்டும் மிதந்தது.

நான் அலறியபோது ஹார்லன் என் பக்கத்தில் இல்லை. செருப்புக் காலோடு கரை வழியே கீழே ஓடி, நீரோட்டம் வளையும் இடத்தில் குதித்து, அடித்து வந்தவனின் காலரைப் பிடித்துவிட்டார். இருவரையும் ஆறு கொஞ்ச தூரம் இழுத்துப் போய்க் கூழாங்கல் திட்டில் தள்ளியது.

ஆர்லோ இருமித் தண்ணீர் கக்கினான். ஹார்லன் காலரை விடவில்லை.

"விடுங்க ஹார்லன். பொழைச்சுட்டான்," என்று நான் விரல்களைப் பிரிக்கப் பார்த்தேன்.

"அன்னிக்கு அவன் கையும் என் கையில பட்டுச்சு," என்றார் ஆர்லோவைப் பார்த்து. "பட்டு நழுவிடுச்சு. எங்கிருந்தோ வந்த உன்னைப் புடிக்க முடிஞ்சுதே. எம் புள்ளையைப் புடிக்க முடியலையே."

நீலம் பாரித்த உதடுகளோடு ஆர்லோ அவரைக் கட்டிக்கொண்டான். அவன் தோளில் முகம் புதைத்து ஹார்லன் விம்மி அழுதார். நரைத்த தலையில் பூச்சிகள் வந்து வந்து உட்கார்ந்தன.

செப்டம்பரில் கல்யாணம். ஹார்லன் வந்தார், என்னோடு ஒரு பாட்டுக்கு ஆடினார். கேக் வெட்டும்போது ஆளைக் காணோம். வெளியே, தன் வண்டியில் உட்கார்ந்திருந்தார்.

"உள்ள போம்மா. எனக்குச் சந்தோஷந்தான்," என்றார். "அதுதான் தாங்கல."

நான் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.