பதினோராவது சொல்

வீரபாகுவுக்கு ருஷ்ய பாஷையில் பதினோரு சொல் தெரியும். ஆனால் வரிசையாகத்தான் தெரியும். நடுவில் ஒன்றை உருவிக் கேட்டால் முழிப்பான். முதலிலிருந்து பொதி தூக்குகிற தாளத்தில் சொல்லிக்கொண்டே வந்தால், வேண்டிய சொல் தானாக வந்து தோளில் உட்காரும்.

தூத்துக்குடிக்கு வரும் பெரிய கப்பல் எதுவும் கரையைத் தொடாது. ஆறு மைல் தள்ளிக் கடலுக்குள் நிற்கும். தோணியில் சரக்கை ஏற்றிக்கொண்டு அதனிடம் போக வேண்டும். ஒரு பொதிக்கு இரண்டு பேர். பத்து வருஷம் வீரபாகுவுக்கு எதிர்க்கை பிடித்தவன் காயல்பட்டினத்து ஹாமிது. ஹாமிது "ஐலசா" என்பான், இவன் தூக்குவான். மூன்றாவது பொதிக்கு "ஐலசா வீரா" என்பான். பெயரைக் கேட்டதும் இடுப்பு வலி கொஞ்சம் ஒதுங்கி நிற்கும்.

யுத்தத்தில் ஹாமிது கொழும்புக்குப் போய்ச் சரக்குக் கப்பலொன்றில் கரி அள்ளும் வேலைக்கு ஏறினான். நாற்பத்திரண்டு கடைசியில் ஒரு கடிதம் வந்தது. கப்பல் மூழ்கிவிட்டது, ருஷ்யாவில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன், பனி காலைத் தின்றுவிட்டது என்று எழுதியிருந்தான். அப்புறம் ஒன்றுமில்லை. யுத்தமும் முடிந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது.

ஹாமிதுவின் மனைவி பதுருன்னிஸா கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவாள்.

"அண்ணாச்சி, ஹயாத்தா உசுரோட இருந்தா திரும்பி வர துஆ கேக்கணும். மவுத்தாப் போயிருந்தா ஃபாத்திஹா ஓதணும். நாலு வருஷமா ரெண்டுங் கெட்டு நிக்கேன். எதைக் கேக்கணும்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

கடிதத்தை அவள் கொடுக்கவில்லை. உறையை மட்டும் கதவிடுக்கில் நீட்டினாள். அதில் வட்டமாக ஒரு முத்திரை. அதற்கு முந்தின வருஷந்தான், நாற்பது வயதில், வீரபாகு எழுத்துப் படித்திருந்தான். அந்த முத்திரையிலிருந்த எழுத்து ஒன்றும் அவன் படித்ததில் இல்லை.

கப்பல்களில் கழித்த பழைய சாமான் வாங்கி விற்கிற ஸதக்கத்துல்லாஹ் காக்காவின் கடைக்கு, ஒரு பெட்டிச் சாமானோடு ருஷ்ய பாஷை கற்றுக்கொடுக்கிற இசைத்தட்டு ஒன்றும் வந்து சேர்ந்தது. கூடவே ஒரு படப் புத்தகம். ரொட்டிப் படத்துக்குக் கீழே ஒன்று, தண்ணீருக்குக் கீழே இரண்டு என்று எண் போட்டிருக்கும். தட்டில் ஒருத்தர் அந்த வரிசையில் ருஷ்யச் சொல்லைச் சொல்லுவார். வாங்க ஆளில்லை. மத்தியானம் காக்கா தொழப் போகிற நேரம் கடையைப் பார்த்துக்கொள்வதற்குக் கூலியாக வீரபாகு அந்தத் தட்டைக் கடைக் கிராமபோனில் போட்டுக் கேட்டுக்கொண்டான்.

"ஏலே, அந்த மனுசன் இன்னும் ரொட்டியிலதான் நிக்கானா?" என்பார் காக்கா திரும்பி வந்து.

"இல்ல காக்கா. இன்னைக்கு மரத்துக்கு வந்துட்டாரு."

"ஒரு மாசத்துல ரொட்டியிலருந்து மரத்துக்கா? நம்ம தோணி தேவலையே."

கிராமபோனின் சுருள் இளைத்துப் போயிருந்தது. ஹ்லேப், வதா, சோல்: ரொட்டி, தண்ணீர், உப்பு மூன்றும் சுறுசுறுப்பாக வரும். வீடு, கட்டில், சன்னல் கொஞ்சம் நடை தளரும். பனி, மரம், அம்மா, அப்பா தாண்டுவதற்குள் குரல் கீழே கீழே இறங்கி, பதினோராவது சொல்லான 'பிராத்' முத்துக்குளிக்கிறவன் போகிற ஆழத்திலிருந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறுவது போல மெல்ல வரும். பிராத் என்றால் உடன்பிறந்தவன். படத்தில் இரண்டு ஆண்பிள்ளைகள் கைகோத்து நின்றார்கள். வீரபாகு படத்துக்குப் பக்கத்தில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டான். இழுத்துச் சொல்ல வேண்டியதுதான் முறை என்று நினைத்து இழுத்தே பழகினான். தோணியில் பொதிக்கு ஒரு சொல்லாக வைத்தான். அலை வரும், சொல் வரும், பொதி ஏறும். வெயிலில் கண் சொக்கும்போது, காணாத அந்தச் சன்னலுக்கு வெளியே காணாத அந்தப் பனி உப்பளம் மாதிரி விரிந்து கிடக்கும்.

தை மாதம் ஒரு கப்பல் மருந்துக்குப் போகிற நிலாவாரை இலைப் பொதி ஏற்ற வந்து நின்றது. தோணி அதன் பின்பக்கம் சுற்றும்போது வீரபாகு அண்ணாந்து பார்த்தான். கப்பல் பெயருக்குக் கீழே ஊர்ப் பெயர். மடியிலிருந்து உறையை எடுத்தான். முத்திரையில் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கப்பலோடு வைத்துப் பார்த்தான். வளைவுக்கு வளைவு, கோட்டுக்குக் கோடு, அதே ஊர்.

பொதி அடுக்க மேலே ஏறிய ஆறு பேரில் அவனும் ஒருவன். சாப்பாட்டு நேரத்தில் கப்பலின் சமையலறை வாசலில் போய் நின்றான். தலையில் துணி கட்டிய ஒரு பெண் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். அவனுக்கு வேண்டியது பதினோராவது சொல். அதற்குப் போக முதல் சொல்லிலிருந்துதான் வழி.

"ஹ்லேப்," என்றான்.

அவள் எழுந்து கறுப்பு ரொட்டியில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தாள்.

"வதா."

தண்ணீர் வந்தது.

"சோல்."

ரொட்டிமேல் உப்பைத் தூவினாள்.

"ஏலே, கறியும் கேளுலே," என்றான் கூட ஏறி வந்து பின்னால் நின்ற வெள்ளத்துரை. "எனக்குஞ் சேத்து."

வீரபாகு தலையாட்டி மறுத்தபடி வீடு என்றான். அவள் கையை விரித்தாள். கட்டில் என்றதும் அங்கே கூடிவிட்ட கப்பல்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவன் நிற்கவில்லை. குரல் தளர்ந்து, தாழ்ந்து, சன்னல், பனி, மரம் என்று இறங்கிப் போனான். சிரிப்பும் கூடவே தாழ்ந்துகொண்டு வந்தது. அம்மா. அப்பா. பிராத் என்று ஆழத்திலிருந்து சொல்லி உறையை நீட்டினான். அதற்கு மேல் சொல் இல்லை. தாளம் மட்டும் மிச்சம் இருந்தது. பழக்கத்தில் வாய் தானாக "ஐலசா" என்றது.

அவள் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஐலசா வீரா," என்றாள்.

கோணலான நாக்கு. ஆனால் ஹாமிதுவின் இழுப்பு அதில் அப்படியே இருந்தது. வீரபாகு தன் நெஞ்சைத் தொட்டு, "வீரா" என்றான். அவள் இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டு அவனையே வெகுநேரம் பார்த்தாள்.

அவன் மடியிலிருந்த படப் புத்தகத்தைப் பிரித்து வைத்தான். அவள் விரல் கட்டிலுக்குப் போனது. தன் முழங்காலுக்குக் கீழே கையால் வெட்டிக் காட்டினாள். சன்னலுக்குப் போனது. பனிக்குப் போய் இரண்டு விரல் காட்டியது: இரண்டு பனிக்காலம். ரொட்டியைத் தொட்டுத் தன்னைத் தொட்டாள், ஆஸ்பத்திரியில் அவனுக்கு ஊட்டியது அவள்தான். பிறகு மரத்துக்கு வந்தாள். மரத்தின் அடியில் உள்ளங்கையை வைத்து, மண்ணைச் சமன்செய்வதுபோல மெதுவாக அழுத்தினாள். கை ரொம்ப நேரம் அங்கேயே இருந்தது.

வெள்ளத்துரை தலைத்துண்டை அவிழ்த்துவிட்டான்.

வேலை முடிந்து இறங்கும்போது அவள் ஒரு துணியில் ரொட்டியும் உப்பும் முடிந்து கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வீரபாகு திருச்செந்தூர் ரயிலேறிக் காயல்பட்டினத்தில் இறங்கினான். கதவு கொஞ்சமாகத் திறந்தது. முடிச்சை உள்ளே நீட்டினான். வளையல் கை அதை வாங்கிக்கொண்டது.

"எந்த துஆ அண்ணாச்சி?"

"ஃபாத்திஹாவே ஓதும்மா."

தெருவில் ஓர் ஆடு போய் மறைந்தது.

"அவுஹ ஒத்தையிலயா கெடந்தாஹ?"

"இல்லம்மா. சன்னல் இருந்திருக்கு. ரொட்டி ஊட்ட ஒரு பொம்பள இருந்திருக்கா. எங்க தோணிச் சத்தத்த அவளுக்குப் பாடமாக்கிட்டுத்தான் போயிருக்கான்."

"அந்தப் பாசையக் கொஞ்சம் சொல்லுங்க. அவுஹ காதுல விழுந்ததெல்லாம் நானுங் கேக்கேன்."

தெருவில் நின்றபடி வீரபாகு ரொட்டியிலிருந்து ஆரம்பித்தான். தண்ணீர், உப்பு, வீடு, கட்டில். பனிக்கு வரும்போது குரல் வழக்கம்போல இறங்கியது. இறங்கட்டும் என்று விட்டான். பதினோராவது சொல்லைச் சொல்லி முடித்து, அதன் பின்னால் வருகிற ஐலசாவை வாய்க்குள்ளேயே நிறுத்திக்கொண்டான்.

கதவுக்குப் பின்னால் அவள் ஓத ஆரம்பித்தாள். அதில் அவனுக்கு ஒரு சொல்லும் தெரியாது. முடியும்வரை தலைத்துண்டைக் கையில் பிடித்தபடி நின்றான்.