அலுவலகத்தின் நடுவே நின்ற சரக்கு ரயில்

றவூபுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்ட மறுநாள் மாலை, கண்டியில் அரச தரப்பு வழக்குகளை நடத்தும் அலுவலகமொன்றின் மேல்மாடிக்குள் கிழக்குச் சுவர் வழியாக ஒரு சரக்கு ரயில் நுழைந்து மேற்குச் சுவர் வழியாகப் போனது. சுவர்களில் கீறல்கூட விழவில்லை. டீசல் மணம் மட்டும் திரைச்சீலைகளில் தங்கிவிட்டது. அதன்பின் ரயில் நாள்தோறும் வந்தது. ஊழியர்கள் மேசைகளை இருபுறமும் ஒதுக்கி, அது கடக்கும்வரை தேநீர்க் கோப்பைகளைக் கையில் பிடித்துக்கொள்ளப் பழகினார்கள்.

றவூப் கம்பளையில் மரக்கறி லொறி ஓட்டியவர். கடுகண்ணாவை ரயில் கடவையருகே ஒரு கடைக்காரரைக் குத்திக் கொன்றார் என்பது வழக்கு. கடவைக்கு அப்பாலிருந்து கண்ணால் கண்டதாக ஒருவர் சாட்சி சொன்னார். வழக்கை நடத்தியவர் அரச சட்டத்தரணி நிஷாந்தினி.

மூன்றாம் வருட மழைக்காலத்தில் ஒருநாள் ரயில் போகாமல் நடுவே நின்றுவிட்டது. நிஷாந்தினி இந்தப் பக்கம், சக சட்டத்தரணி றுமைஸா அந்தப் பக்கம்.

"றுமைஸா, என்னைத் தெரியுதா?"

"குரல் மட்டுந்தான் கேக்குது. பெட்டி மறைக்குது."

நிஷாந்தினிக்குக் கடவைக்கு அப்பால் நின்ற சாட்சி நினைவுக்கு வந்தார். கொலை நடந்த நேரத்தில் சரக்கு ரயிலொன்று கடவையை அடைத்து நின்றதாகக் கடவைக் காவலாளி பொலிஸில் சொல்லியிருந்தார். அந்த வாக்குமூலத்தை நிஷாந்தினி வாசித்திருந்தார். எதிர்த்தரப்புக்குக் கொடுக்கவில்லை. ஒளிக்க நினைத்ததுமில்லை.

"கடவைக் காவலாளி சொன்னத நம்ம கேஸுக்கு உதவாதுன்னு விட்டுட்டேன்," என்றார்.

"எங்களுக்கு உதவாததுதானே றவூபுக்கு வேணும்," என்றது பெட்டிகளுக்கு அப்பாலிருந்த குரல்.

ரயில் நகர்ந்தது.

அந்த வாரமே வாக்குமூலம் றவூபின் சட்டத்தரணிக்குப் போனது. மேன்முறையீடு மேலும் இரண்டு வருடம் இழுத்தது. அதற்கிடையில் அலுவலகத்தார் யாரைக் குறை சொல்வது என்பதை விட்டுவிட்டு, எந்த இடத்தில் தவறியது என்று கூடிப் பேசினார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு வழக்கையும் அதை நடத்தாத ஒருவர் முழுதாகப் படித்து, தங்களுக்குப் பாதகமானதையே முதலில் எதிர்த்தரப்புக்கு அனுப்பினார். அப்படிப் படித்ததில் வேறு இரண்டு வழக்குகளிலும் விடுபட்டவை அகப்பட்டன. ரயில் மட்டும் வருவதை நிறுத்தவில்லை.

மேன்முறையீட்டில் விடுதலையான றவூப், நிஷாந்தினி அழைத்ததால் ஒருநாள் அங்கே வந்து கதிரையில் உட்கார்ந்தார். நிஷாந்தினி எழுந்து நின்று மன்னிப்புக் கேட்ட கணத்தில் ரயில் இருவருக்கும் நடுவில் புகுந்து ஓடியது. பெட்டிகளின் இடைவெளியில் றவூபின் முகம் தெரிந்து தெரிந்து மறைந்தது. அவர் திடுக்கிடவில்லை. ஐந்து வருடமும் அது தன் சிறைக்கூடத்தையும் கடந்துதான் போனதென்று பிற்பாடு சொன்னார்.

கடைசிப் பெட்டி சுவருக்குள் மறைந்தது.

"கேக்கல்ல மிஸ்," என்றார் றவூப். "திரும்பச் சொல்லுங்க."

நிஷாந்தினி திரும்பச் சொன்னார்.