ஏழாம் எண் கையெழுத்து

அன்று காலை என் கணவர் வேதசிரோமணி கடைசியாகக் கேட்டது மூக்குக் கண்ணாடியை. காலனிச் சங்கத்தின் தீர்மான நோட்டை வாங்கிக்கொண்டு கேட்டருகே நின்றிருந்தார். திண்டில் காபி ஆறிக்கொண்டிருந்தது.

"இன்னா சார், அதான் அம்மா நேத்தே கையெழுத்து போட்டுக் குடுத்துட்டாங்களே. பரீட்சைக்குப் படிக்கிறாப்ல படிக்கிறியே!" என்று சிரித்தான் சங்கத்து வாட்ச்மேன் குப்பன்.

"பரீட்சையிலகூட கேள்வியக் குடுத்துட்டுதான்பா பதில் கேப்பாங்க. இதுல மேல ஒண்ணுமே எழுதலையே."

சேலையூரில் கேம்ப் ரோட்டை ஒட்டி நாற்பத்திரண்டு வீடுகள். தெருவிளக்கும் தண்ணீர் லாரியும் வந்தது செயலாளர் தட்சிணாமூர்த்தி அலைந்த அலைச்சலால்தான். அதை என் கணவரும் மறுத்ததில்லை. ஆனால் ஞாயிறு காலை டிவியை விட்டுவிட்டு யார் கூட்டத்துக்குப் போவது? "நீங்களே எழுதிக்குங்க சார்" என்றோம். குப்பன் வீடு வீடாக வந்து வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கிப் போவான். தீர்மானம் பிறகு மேலே ஏறும். ஒரு வருடம், இனித் தேர்தல் வேண்டாம் என்று ஏறியது. மறு வருடம் காலனியின் பின்பக்கக் கேட்டில் பூட்டு தொங்கியது. சாவி செயலாளரிடம் மட்டும். எல்லோரும் கையெழுத்திட்ட தீர்மானமாம்.

என் கணவர் மட்டும் போடமாட்டார். மாதாமாதம் கூட்டத்துக்குப் போய், காலி நாற்காலிகளுக்கு நடுவே செயலாளரின் எதிரில் உட்கார்ந்துவிட்டு வருவார். லாரி எங்கள் வாசலில் நிற்பது நின்றுபோனது. அடுத்த தெருக் குழாயிலிருந்து சைக்கிளில் குடம் கட்டி எடுத்து வந்தார், சீட்டியடித்தபடி. சலித்தது நான்தான். அந்தக் காலைக்கு முதல் நாள் மாலை, அவர் இல்லாத நேரத்தில், எங்கள் வீட்டின் ஏழாம் எண்ணுக்கு எதிரே என் பெயரை எழுதினேன்.

காலையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் அதை ஒரே கோட்டில் அடித்தார். பக்கத்தில் 'கூட்டம் நடக்கவில்லை' என்று எழுதி, கையெழுத்திட்டார். என்னைக் கோபிக்கவில்லை.

"உனக்குத் தண்ணிக் கஷ்டம் பியூலா, தெரியும். இன்னைக்கு ரெண்டு நடை கூடப் போய்ட்டு வரேன்."

காபியை எடுக்கக் குனிந்தவர் அப்படியே சரிந்தார்.

பின்பக்கக் கேட்டைத் தாண்டினால் ஆஸ்பத்திரி. செயலாளர் காஞ்சிபுரம் போயிருந்தார். பூட்டைச் சுற்றிப் பதினைந்து ஆண்கள் நின்றார்கள். ஒருவர் கையில் கடப்பாரைகூட இருந்தது.

"உடைச்சா சார் என்ன சொல்வாரோ" என்றார் அவர்.

ஆட்டோ கேம்ப் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போனது. பஸ்களுக்கு நடுவே, என் மடியில் அவர் போய்விட்டார். சீக்கிரம் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார்.

பத்தாம் நாள் குப்பன் வந்தான்.

"இரங்கல் தீர்மானம்மா. அல்லாரும் போட்டுட்டாங்கோ. மேல சார் எழுதிக்குவாரு."

வெற்றுப் பக்கம். கீழே நாற்பத்தொரு கையெழுத்து.

"கூட்டம் எப்பன்னு கேட்டுட்டு வா, குப்பா. நான் வரேன்."

"நீயுமாம்மா?" என்றான்.

நோட்டைத் திருப்பிக் கொடுக்குமுன் முந்தைய பக்கத்தைப் புரட்டினேன். கிழித்திருப்பார்கள் என்று நினைத்தேன். பக்க எண் அச்சிட்ட நோட்டு, முடியவில்லை போலும். ஏழாம் எண்ணுக்கு எதிரே என் பெயர்மேல் ஒரு கோடு. பக்கத்தில் நீல மையில், கூட்டம் நடக்கவில்லை.