ஆர்வம் காட்டவில்லை

உப்புப் பாத்தியில் நான் விழுந்ததற்கு வரப்பையோ வண்டியையோ குறை சொல்ல முடியாது. ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, "எல்லா ஃபைலும் பக்கா சார்" என்று என் அதிகாரிக்குச் சொல்லியபடி வரப்பின்மேல் வண்டி ஓட்டியவன் நான்தான். சொல்லி முடிப்பதற்குள் நானும் வண்டியும் பக்கா ஃபைலும் தண்ணீரில் கிடந்தோம். கணுக்கால் ஆழத் தண்ணீரில் ஒரு ஆள் தலைமுதல் நனைவது எப்படி என்று என்னிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

"யாருப்பா அது, குளிக்கிற எடமா இது?" என்றார் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு பெண். நாலைந்து பேர் சிரித்தார்கள். கேட்டவரே ஓடி வந்து, என்னை விட்டுவிட்டு முதலில் ஃபைலை எடுத்தார். நான் தேடி வந்த தையல்நாயகி அவர்தான்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். குழந்தைகள் இல்லத்தில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பராமரிப்புத் திட்டம் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிள்ளையையும் பெற்றவரையும் பார்த்துப் பேசி, வீட்டுக்கு அனுப்பலாமா என்று மறு ஆய்வு எழுத வேண்டும். அதை வைத்துத்தான் குழந்தைகள் நலக் கமிட்டி உத்தரவு போடும். எழுதுகிறவன் நான். அவையெல்லாம் ஒழுங்காக நடந்தனவா என்று பார்க்க அடுத்த வாரம் சென்னையிலிருந்து ஒரு குழு வருகிறது. தையல்நாயகியின் மகள் சந்தியாவின் ஃபைலில் மூன்று வருடத்து ஆய்வுகள் ஆறும் இருந்தன. தாயின் கையெழுத்து ஒன்றில்கூட இல்லை. ஆறையும் ஒரே மூச்சில் வாங்கிவிடலாம் என்று வந்தேன்.

"காயட்டும் சார்" என்று தாள்களை உப்புக் குவியலின்மேல் பரப்பி, பறக்காமல் இருக்க உப்புக் கட்டிகளை வைத்தார். வைத்துக்கொண்டே படித்தார். அவர் எட்டாவது படித்தவர் என்பது அந்த ஃபைலிலேயே இருக்கிறது. நான்தான் மறந்துவிட்டேன்.

"'வீடு பூட்டியிருந்தது. தாய் குழந்தையை அழைத்துக்கொள்ள ஆர்வம் காட்டவில்லை.' இத யாரு சார் எழுதினது?"

"நான்தாம்மா."

"எத்தினி மணிக்கு வந்தீங்க?"

"ஒம்பது இருக்கும்."

"விடிகாலைல எறங்கினா பதினோரு மணிக்குத்தான் சார் கரையேறுவோம். ஒம்பது மணிக்கு இங்க எந்த ஊடு தொறந்திருக்கும்?"

அடுத்த தாளை எடுத்தார். அதே வரி. அதற்கடுத்த தாளிலும் அதே வரி. ஐப்பசித் தாள்களிலும்கூட. ஐப்பசியில் உப்பளம் மழைத்தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும். அவர் நாள் முழுக்க வீட்டில்தான் இருந்திருப்பார். மழைக்குப் பயந்து நான் வரவில்லை. முதல் தாளையே நகலெடுத்துத் தேதியை மாற்றினேன். என் எழுத்தில் புதுமை என்பது தேதியோடு சரி.

"அவ அப்பா செத்த மழையில, சோத்துக்கு வழியில்லாம அங்க விட்டேன் சார். தை பொறந்து வேலை ஆரம்பிச்சதும் கூட்டிக்கிறேன்னு போய் நின்னேன். சார் வந்து ஊட்டப் பாத்து எழுதினாத்தான் ஆர்டர் போடுவாங்கன்னுட்டாங்க. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை போவேன். 'இந்த தபா சார் வருவாரு, உன்ன அனுப்பிடுவாரு'ன்னு சொல்லிட்டு வருவேன்."

எதையாவது வேடிக்கையாகச் சொல்லித் தப்பிப்பது என் வழக்கம். அன்றைக்கு உப்புக் கட்டிகளைத் தள்ளிவிட்டுத் தாள்களைப் பொறுக்கி அடுக்கினேன்.

"கையெழுத்து எங்க போடணும் சார்?"

"வேணாம்மா. கெளம்புங்க, சந்தியாவப் போய்ப் பாத்துட்டு வரலாம்."

வண்டி அசையவில்லை. வானூரில் இருக்கும் இல்லத்துக்கு பஸ்ஸில் போனோம். வழியில் அதிகாரியிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். "குழு வந்துட்டுப் போகட்டும்பா, அப்புறம் பாக்கலாம்" என்றார். இல்லத்துச் சிஸ்டர் மேரிசெல்வி, "கமிட்டி என்ன சொல்லுதோ அதான் சார்" என்றார். "உங்களுக்கு என்ன தோணுது?" என்று தையல்நாயகியைக் கேட்டேன். "அவ இஷ்டம் சார்" என்று புடவை முந்தானையை முறுக்கினார்.

சந்தியா வந்தாள். பதின்மூன்று வயது. மூன்று வருடத்தில் அவளோடு நான் உட்கார்ந்து பேசுவது அதுதான் முதல்முறை. அவள் அம்மாவுக்கு எதிரே உட்காராமல் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள்.

"உங்கம்மா ஒவ்வொரு தடவையும் சொன்னது நெஜம்மா. வராதவன் நான். தப்பா எழுதினவனும் நான். அத குழுகிட்டயும் கமிட்டிகிட்டயும் நானே சொல்லிடறேன். நீ வீட்டுக்குப் போறியா?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சட்டையெல்லாம் உப்பு பூத்திருக்குது சார்."

"அத விடும்மா. போறியா, இல்லியா?"

"சொன்னா அப்படியே எழுதுவீங்களா?"

"எழுதறேன்."

"போகல சார். மொதல்லெல்லாம் ஒவ்வொரு தபாவும் பையைக் கட்டி வச்சிட்டு வாசல் கேட்டாண்டயே ஒக்காந்திருப்பேன். அம்மா ஏமாத்துதுன்னு நெனச்சி அதுகூட பேசறதையே வுட்டுட்டேன். இனிமே பேசறேன். ஞாயித்துக்கிழமை வரட்டும், பேசறேன். ஆனா ஊட்டுக்கு வரல. அங்க எப்படி இருக்கறதுன்னே எனக்கு மறந்துபோச்சு சார்."